காலி சென்ட் பாட்டில் சேகரிப்பவர்கள் ஒன்றுகூடினால் அங்கே என்னதான் நடக்கும்?

பழைய சென்ட் பாட்டில் சேகரிப்பவர்களின் சந்திப்புக்கு நண்பர் கூப்பிடுகிறார், காலி பாட்டிலைப் பார்க்க ஒரு நாளை வீணாக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போங்கள். ஆனால் அழகாகப் பார்க்கலாம் என்பதற்காக மட்டும் என்றால் வேண்டாம், அதற்குப் படங்களே போதும். கையில் எடுத்துப் பார்க்கத்தான் போக வேண்டும்.

உள்ளே நுழைந்ததும் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கும். மேசை நிறைய பளபளவென்று பாட்டில்கள், ஆனால் பழகிய ஆள் ஒன்றை எடுத்தால் முன்பக்கத்தைச் சட்டைகூடச் செய்யாமல் கவிழ்த்து, லென்ஸை வைத்து அடிப்பாகத்தைத்தான் ஆராய்வார். காரணம் இருக்கிறது, செய்தவர் பெயர் பொதுவாக அடியில்தான் இருக்கும். சென்ட் பாட்டில்களுக்குப் பேர்போன பிரெஞ்சுக் கண்ணாடிக் கலைஞர் ரெனே லாலிக்கையே எடுத்துக்கொள்ளுங்கள், அவர் 1945-இல் இறந்தார். அவர் காலத்துக் கண்ணாடியில் பொதுவாகப் பெயருக்கு முன்னால் ‘ஆர்’ என்ற முதலெழுத்து இருக்கும், பிற்காலத்தில் வெறும் ‘லாலிக்’தான். இந்த ஓர் எழுத்துக்கே மதிப்பு கூடுகிறது என்றால் அதைப் பிற்பாடு பொறித்து வைக்கிறவர்களும் இருக்கத்தானே செய்வார்கள்? அதனால்தான் லென்ஸ். பல வருஷம் அலமாரியில் நகர்ந்து நகர்ந்து அடியில் விழுந்த பொடிக் கீறல்கள் எழுத்தின் மேலேயும் ஓட வேண்டும், எழுத்து அந்தக் கீறல்களை வெட்டிக்கொண்டு போனால் அது பழைய கீறலின் மேல் புதிதாகப் போட்ட எழுத்து.

அடுத்தது மூடி. என்னைக் கேட்டால் இந்தப் பொழுதுபோக்கில் பாதி சுவாரசியம் மூடியில்தான். பழைய கண்ணாடி மூடியை அதே பாட்டிலின் கழுத்துக்குள் தேய்த்துத் தேய்த்துப் பொருத்தியிருப்பார்கள், எனவே ஒரே மாடல் என்றாலும் இதன் மூடி அதற்கு ஒழுங்காக உட்காராது. பாக்கரா என்ற பிரெஞ்சுக் கண்ணாடி நிறுவனத்தின் பாட்டில்கள் பலவற்றில் மூடியின் அடியிலும் பாட்டிலிலும் ஒரே எண்ணைப் பொறித்திருப்பார்கள், இரண்டும் ஒத்துப்போனால் பிறந்ததிலிருந்தே ஜோடி. மூடியோடு உள்ளே நீளும் கண்ணாடிக் குச்சியையும் பாருங்கள், தோலில் தொட்டு வைக்க அதுதான் உதவும். நுனி உடைந்தால் அதைத் தேய்த்து மழுப்பிவிடுவார்கள், அப்புறம் குச்சி குட்டையாகப் பாட்டிலின் பாதியிலேயே நிற்கும். வாய் விளிம்பில் விரல் நுனியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பெயர்ந்த இடத்தைச் சமன் செய்திருந்தால் கண்ணுக்குத் தப்பினாலும் விரலுக்குத் தெரியும். இதையெல்லாம் எந்தப் படத்தில் பார்க்க முடியும், சொல்லுங்கள்!

பெரிய சந்திப்புகளும் உண்டு. 1988-இல் அமெரிக்காவில் தொடங்கிய இன்டர்நேஷனல் பெர்ஃப்யூம் பாட்டில் அசோசியேஷன் நடத்தும் மாநாட்டில் ஏலம், விற்பனை அரங்கு, உரைகள் எல்லாம் இருக்கும். ஏலம் பார்க்க ஜோர்தான், ஆனால் புதிதாகப் போகிறவர் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது நல்லது. அவரவர் பாட்டிலைக் கொண்டுவந்து கதை சொல்கிற நேரம்தான் எனக்குப் பிடித்தது. ஆடை வடிவமைப்பாளர் ஷியாபரெல்லியின் 1937 ‘ஷாக்கிங்’ சென்ட்டின் பாட்டில் பெண் உடல் வடிவத்தில் இருக்கும், ஓவியர் லியோனோர் ஃபினி வடிவமைத்தது, நடிகை மே வெஸ்ட்டின் அளவுக்குச் செய்த தையல் பொம்மையிலிருந்து பிறந்த யோசனை. அதன் பக்கத்தில் இன்னொரு ஆடை வடிவமைப்பாளர் ஜான் பால் கோத்தியேவின் 1993 பாட்டிலை வைத்துப் பாருங்கள், அதுவும் பெண் உடல் வடிவம்தான், இரண்டுக்கும் உள்ள உறவை யாரும் விளக்கவே வேண்டாம்.

முழங்கை நீளத்துக்கு ஒரு ராட்சத பாட்டில் மலிவாகக் கிடைத்தால் துள்ளாதீர்கள். கடை ஜன்னலில் வைக்கச் செய்த காட்சிப் பொருள் அது, பெரும்பாலும் உள்ளே இருப்பது வெறும் சாயத் தண்ணீர். அதையே சேகரிப்பவர்களும் இருக்கிறார்கள், அது தனிக் கூட்டம்.

மரியாதை விஷயம் ஒன்றிரண்டு. கேட்காமல் எதையும் எடுக்கக் கூடாது. எடுத்தால் ஒரு கை அடியில் இருக்க வேண்டும், மூடியைப் பிடித்துத் தூக்கவே கூடாது, அது கழன்று வந்தால் பாட்டில் தரையில்தான். கழுத்தில் மெல்லிய சவ்வும் நூல் கட்டும் இருந்தால் அது இன்னும் திறக்காத பாட்டில், முகர்ந்து பார்க்கிற ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள், திறந்தால் மதிப்பு அங்கேயே இறங்கிவிடும். தவிர, பழைய சென்ட்டின் முதல் வாசனை பெரும்பாலும் நெயில் பாலிஷ் மாதிரிதான் அடிக்கும், பெரிதாக எதையும் இழக்கவில்லை. மூல அட்டைப்பெட்டியைக் கிழிந்திருந்தாலும் விடாதீர்கள். எல்லோரும் தூக்கிப்போட்ட பொருள் அதுதான், சில சமயம் பாட்டிலைவிட அரிது.

வாங்கிவிட்டால் மூடியைக் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள். அப்படியே விட்டால் வழியில் குலுங்கிக் கழுத்து விரிசல் விடும், இல்லாவிட்டால் மூடி இறுகிக்கொள்ளும். இறுகினால் முறுக்காதீர்கள், விளிம்பில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வையுங்கள். விமானத்தில் வருவதென்றால் காலி பாட்டில் கைப்பையில் வரட்டும். திரவம் இருக்கிற பாட்டில் 100 மில்லிக்கு மேல் கொள்ளளவு உடையதென்றால் பல விமான நிலையங்களில் கைப்பையில் விடமாட்டார்கள், உள்ளே கால்வாசிதான் இருக்கிறது என்று சொன்னாலும் எடுபடாது.