அழுதால் ஈமான் குறைந்துவிடுமா?

அஸ்ஸலாமு அலைக்கும். மன வேதனை குறித்து வந்த கேள்விகளுக்கு என்னால் இயன்றவரை பதில் எழுதுகிறேன். பல கேள்விகளுக்கு அடியில் ஒரே அச்சம் இருக்கிறது: 'எனக்கு இவ்வளவு வலிக்கிறதே, என் ஈமானில் (இறைநம்பிக்கையில்) கோளாறா?'

கேள்வி: வாப்பா (அப்பா) மவுத்தாகி (இறந்து) ஐந்து மாதங்கள் ஆகின்றன. இன்னும் அழுகிறேன். மூன்று நாளுக்கு மேல் துக்கம் கூடாது என்று உறவினர்கள் கண்டிக்கிறார்கள்.

உங்கள் உறவினர்கள் ஒரு நபிமொழியைப் பாதி கேட்டிருக்கிறார்கள், சகோதரி. மூன்று நாள் என்பது அலங்காரத்தைத் தவிர்த்து வெளிப்படையாகத் துக்கம் காக்கும் வரம்பு. கணவனை இழந்தவளுக்கு மட்டும் அது நான்கு மாதமும் பத்து நாளும். மனம் வலிப்பதற்கு யாரும் நாள் குறிக்கவில்லை.

நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் குழந்தையாக இருந்தபோதே இறந்தார். அப்போது நபியவர்களின் கண்கள் கலங்கின. "கண் நீர் சொரிகிறது, உள்ளம் துயருறுகிறது, நம் இறைவனுக்குப் பொருத்தமானதைத் தவிர வேறெதையும் சொல்லமாட்டோம்" என்றார்கள். புகாரி என்ற நபிமொழித் தொகுப்பில் இருக்கும் செய்தி இது. தடுக்கப்பட்டது ஒப்பாரியும் மார்பில் அடித்துக்கொள்வதும்தான், கண்ணீர் அல்ல.

குர்ஆனின் யூஸுஃப் அத்தியாயத்தை ஒரு முறை பொருளோடு ஓதிப் பாருங்கள். மகன் யூஸுஃபை இழந்த யஃகூப் (அலை) அவர்கள் தொடக்கத்தில் "அழகிய பொறுமையே மேல்" என்கிறார்கள். அதே அத்தியாயத்தின் 84ஆம் வசனத்தில் துயரத்தால் அவர்களது கண்கள் வெளுத்துப்போகின்றன. பொறுமை என்று சொன்னவரும் பார்வை போகும்வரை அழுதவரும் ஒருவரே, அதுவும் ஒரு நபி. "நோயாளியாகி அழிந்துபோகும்வரை யூஸுஃபை நினைத்துக்கொண்டேதான் இருப்பீர்களா?" என்று பிள்ளைகள் கடிந்துகொள்கிறார்கள். உங்கள் வீட்டில் கேட்கும் அதே குரல்தான்! அதற்கு யஃகூப் (அலை) அவர்கள் சொன்ன பதில்: "என் துயரத்தையும் கவலையையும் அல்லாஹ்விடமே முறையிடுகிறேன்." அந்த வாக்கியத்தை உங்கள் துஆவாக (வேண்டுதலாக) எடுத்துக்கொள்ளுங்கள். என் உம்மா இறந்த ஆண்டில் நான் அதிகம் ஓதியது அந்த 86ஆம் வசனம்தான்.

கேள்வி: தொழுகிறேன், ஓதுகிறேன். உள்ளே எதுவும் அசையவில்லை. அல்லாஹ் என்னைக் கைவிட்டுவிட்டானா?

மக்காவில் ஒரு காலம் வஹீ (இறைச்செய்தி) வராமல் நின்றது. நபியவர்களைக் கைவிட்டாயிற்று என்று எதிரிகள் பரிகசித்தார்கள். அந்த மௌனத்துக்குப் பிறகு இறங்கியது ளுஹா அத்தியாயம். பதினொரே வசனங்கள். முற்பகல் மீதும் அமைதியடைந்த இரவின் மீதும் சத்தியம் செய்துவிட்டு, "உம் இறைவன் உம்மைக் கைவிடவுமில்லை, வெறுக்கவுமில்லை" என்கிறது.

அது போகும் வரிசையைக் கவனியுங்கள். முதலில் ஆறுதல். பிறகு நினைவூட்டல்: அநாதையாக இருந்தீர், புகலிடம் தரவில்லையா? கடைசியில் ஒரு வேலை: அநாதையை அடக்காதீர், கேட்டு வருபவரை விரட்டாதீர். சோர்ந்த மனத்தைத் தேற்றி, அதன் சொந்தக் கதையை நினைவூட்டி, இன்னொருவர் பக்கம் திருப்பிவிடுகிறது. இத்தனை மென்மையாக ஒரு மனிதரைக் கையாள எனக்குத் தெரியாது.

ஓதும் அளவைக் குறைத்து, இஷா எனும் இரவுத் தொழுகைக்குப் பின் இந்த ஒரு அத்தியாயத்தை மட்டும் பொருள் புரிந்து ஓதுங்கள். எதுவும் தோன்றாவிட்டாலும் பரவாயில்லை. எதுவுமே தோன்றாமல் செய்த ஸஜ்தாவும் (சிரம்பணிதலும்) ஸஜ்தாதான். இந்த மரத்துப்போன நிலை வாரக்கணக்கில் நீடித்து, உறக்கமும் பசியும் கெட்டிருந்தால் மருத்துவரையும் பாருங்கள்.

கேள்வி: கவலைக்கென்று குறிப்பான துஆ உண்டா? எனக்குக் கடன் தொல்லையும் இருக்கிறது.

உண்டு. "அல்லாஹும்ம இன்னீ அஊது பிக்க மினல் ஹம்மி வல் ஹஸன்" (இறைவா, கவலையிலிருந்தும் துயரத்திலிருந்தும் உன்னிடம் பாதுகாப்புத் தேடுகிறேன்) என்று தொடங்கும் துஆவை நபியவர்கள் அடிக்கடி கேட்டதாக, அவர்களுக்குப் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். ஹம்மு என்பது வரப்போவதை எண்ணிய கலக்கம். ஹஸன் என்பது நடந்துவிட்டதை எண்ணிய துயரம் என்று உரையாசிரியர்கள் பிரித்துச் சொல்வார்கள். இயலாமையும் சோம்பலும் கடன் சுமையும் அதே துஆவில் அடுத்தடுத்து வருகின்றன. கடன் மனத்தை நசுக்கும் என்பதை நபியவர்கள் அறிந்திருந்தார்கள். அதற்காக நீங்கள் வெட்கப்பட வேண்டாம்.

கேள்வி: மன அழுத்தத்துக்கு மருத்துவர் மாத்திரை தந்திருக்கிறார். குர்ஆன் இருக்க மாத்திரை எதற்கு என்று வீட்டில் நிறுத்தச் சொல்கிறார்கள்.

நிறுத்தாதீர்கள். மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைகூட விடாதீர்கள். "அல்லாஹ் எந்த நோயையும் அதற்கான நிவாரணியோடு அல்லாமல் இறக்கவில்லை" என்பது நபிமொழி. அதில் மனநோய்க்கு விலக்கு இல்லை. துயரத்தில் இருப்பவர்களுக்கு ஆயிஷா (ரலி) அவர்கள் வாற்கோதுமையில் செய்த தல்பீனா என்ற கஞ்சியைக் கொடுக்கச் சொல்வார்கள். அது உள்ளத்துக்கு இதமளித்துத் துயரில் சிறிதைப் போக்கும் என்று நபியவர்களிடம் கேட்டிருந்தார்கள். துஆவோடு உணவும் சேர்ந்தே போயிருக்கிறது.

9ஆம் நூற்றாண்டில் பிறந்த அபூ ஸைத் அல்பல்கி என்ற முஸ்லிம் அறிஞர், காரணம் தெரிந்த துயரத்தையும் காரணமே தெரியாமல் வரும் துயரத்தையும் அப்போதே பிரித்து எழுதினார். பின்னதற்கு உடலிலும் காரணம் இருக்கும் என்றார். 1280களில் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கும் இடம் இருந்தது. இதுதான் நம் மரபு. நோய் தீரக் குர்ஆனை ஓதிப் பார்ப்பது ஆகுமானது, நானும் ஓதுவேன். ஜின்னை விரட்டுவதாகச் சொல்லிப் பணம் பிடுங்குபவரிடமும் அடிப்பவரிடமும் மட்டும் உங்களை ஒப்படைக்காதீர்கள்.

கேள்வி: தொழுகையில் அல்லாஹ்வைப் பற்றியே மோசமான எண்ணங்கள் வருகின்றன. பத்துத் தடவை ஒளூ (தொழுகைக்கு முன் கைகால் கழுவுதல்) செய்கிறேன். நான் காஃபிராகிவிட்டேனா (இறைமறுப்பாளனாகிவிட்டேனா)?

இல்லை, தம்பி. வாயால் சொல்லவும் அஞ்சும் எண்ணங்கள் வருவதாக நபித்தோழர்களான ஸஹாபாக்களே முறையிட்டார்கள். "அதுவே தெளிவான ஈமான்" என்றார்கள் நபியவர்கள். அந்த எண்ணத்தை நீங்கள் வெறுக்கிறீர்களே, அதைத்தான் சொன்னார்கள். ஒரே ஒளூ போதும். திரும்பச் செய்யச் செய்ய வஸ்வாஸ் (மனத்தை அரிக்கும் வீண் சந்தேகம்) வளரும். மருத்துவர்கள் ஓசிடி (எண்ணச் சுழற்சி நோய்) என்று சொல்லும் நோயாகவும் இது இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு.

கேள்வி: சிறு வயதில் எனக்குக் கொடுமை செய்த உறவினரை மன்னித்தால்தான் அமைதி கிடைக்கும் என்கிறார்கள். என்னால் முடியவில்லை.

மன்னிப்பு உயர்ந்தது, கடமை அல்ல. குர்ஆனின் 42ஆம் அத்தியாயம் மன்னிப்பவருக்கு அல்லாஹ்விடம் கூலி உண்டு என்கிறது. அடுத்த வசனத்திலேயே, அநீதிக்கு உள்ளாகி நியாயம் தேடியவர் மீது குற்றமில்லை என்கிறது. தீய பேச்சை உரக்கச் சொல்வதை அல்லாஹ் விரும்புவதில்லை, அநீதி இழைக்கப்பட்டவரைத் தவிர என்று 4ஆம் அத்தியாயத்தின் 148ஆம் வசனம் சொல்கிறது. நீங்கள் வாய் திறக்க உரிமை உள்ளவர். அந்த உறவினர் இருக்கும் விருந்துக்குப் போக மறுப்பது உறவை முறிப்பதல்ல. அவர் அருகில் இன்றைக்கு வேறு குழந்தைகள் இருந்தால் சொல்லியே ஆக வேண்டும். உங்களை மன்னிக்கச் சொல்பவர்கள் அவரை ஒருமுறையாவது மன்னிப்புக் கேட்கச் சொன்னார்களா?

கேள்வி: செத்துவிடலாம் என்று தோன்றுகிறது. இதை எழுதுவதே பாவமா?

பாவமில்லை. எழுதியது நல்லது, சகோதரி.

மர்யம் (அலை) அவர்கள் பேரீச்சமரத்தடியில் பிரசவ வலியில் தனியாக இருந்தபோது, "இதற்கு முன்பே நான் இறந்து, முற்றிலும் மறக்கப்பட்டிருக்கக் கூடாதா!" என்றார்கள். குர்ஆன் அதை மறைக்கவில்லை. வந்த பதிலில் கண்டனமும் இல்லை. "கவலைப்படாதீர், உமக்குக் கீழே ஓர் ஊற்று இருக்கிறது. மரத்தை உலுக்கும், கனிகள் விழும். உண்ணும், பருகும், கண் குளிரும்." ஊராருக்கு விளக்கம் சொல்லும் சுமையும் அன்று அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டது.

நீங்களும் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம். உதவக்கூடிய ஒருவரிடம் மட்டும், இன்றே, "எனக்கு உயிரோடிருக்கப் பிடிக்கவில்லை, என்னோடு இருங்கள்" என்று இதே சொற்களில் சொல்லுங்கள். அப்படி ஒருவர் இல்லையென்றால் நேராக மருத்துவமனைக்குப் போங்கள். கைக்கெட்டும் தூரத்தில் ஆபத்தான பொருள் இருந்தால் அந்த அறையை விட்டு வெளியே வாருங்கள். ஏதாவது சாப்பிட்டீர்களா? சாப்பிடுங்கள். அதன் பிறகு எனக்கு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.