சிரித்தால் ஈறு தெரிகிறதே, வெட்டிக்கொள்ளலாமா?

கேள்வி: எனக்கு 26 வயது. சிரித்தால் மேல் ஈறு அதிகமாகத் தெரிகிறது. பற்களும் குட்டையாக இருக்கின்றன. லேசரில் வெட்டினால் ஒரே நாளில் சரியாகிவிடும் என்கிறார்கள். செய்துகொள்ளலாமா?

பதில்: பல்லே குட்டையா, ஈறு அதைப் போர்த்தியிருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். மேல் முன்பல் சாதாரணமாக 10 முதல் 11 மி.மீ. உயரம் தெரியும். உங்களுக்கு 8 தான் என்றால், எனாமல் முடியும் இடத்தை ஈறு மூடியிருக்கக்கூடும். மரத்துப்போக ஊசி போட்டு, மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்குள் விட்டு, எலும்பு எங்கே தட்டுகிறது என்று அளப்பார்கள். எல்லாமே இந்த அளவில்தான் இருக்கிறது. புதிய ஈறு விளிம்புக்கும் எலும்புக்கும் இடையே சுமார் 3 மி.மீ. வேண்டும். இருந்தால் ஈறை மட்டும் வெட்டலாம். இல்லாவிட்டால் ஈறைத் திறந்து, எலும்பையும் சற்றுச் செதுக்கித் தைக்க வேண்டும். எலும்பை விட்டுவிட்டு லேசரில் ஈறை மட்டும் வெட்டினால், சில மாதங்களில் ஈறு பழையபடி இறங்கிவிடும். அல்லது விளிம்பு சிவந்து வீங்கி, பிரஷ் பட்டாலே ரத்தம் கசியும்.

பல் உயரம் சரியாக இருந்தும் ஈறு தெரிகிறதென்றால், மேல்தாடை நீளமாக இருக்கலாம், உதடு அதிகம் ஏறலாம். அங்கே வெட்டினால் வேர் வெளியே வந்து கூச்சம்தான் மிஞ்சும். வலிப்புக்கான ஃபெனிடாயின், ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் மாத்திரைகளாலும் ஈறு தடிக்கும்; சாப்பிடுபவரானால் மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தையலை 7 முதல் 10 நாளில் எடுப்பார்கள். அதுவரை அந்த இடத்தில் பிரஷ் வேண்டாம், குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மருந்தால் வாய் கொப்பளியுங்கள். முறுக்கு, மிக்சர் கூடாது. முன்பல்லுக்கு செராமிக் உறை போடுவதாக இருந்தால் குறைந்தது 3 மாதம், முடிந்தால் 6 மாதம் பொறுங்கள். அதற்குள் ஈறு விளிம்பு நகரும்.