கை மாவுல இருந்தப்ப கேட்டீங்களா?

கேள்வி: என் பொண்ணுக்கு 24 வயசு, பிறவியிலேயே காது கேக்காது. எங்களுக்கு அந்தக் கை பாஷை வராது. சொந்தத்துல ஒரு வரன் வந்துச்சு, அவ மாவு கரைச்சுக்கிட்டு இருந்தப்ப சொன்னேன், சரின்னு தலையாட்டுனா. தட்டு மாத்துனப்புறம் வேணாம்னு மூஞ்சியச் சுளிக்கிறா. மண்டபத்துக்கு அட்வான்ஸ் வேற குடுத்தாச்சு. எப்படி சம்மதிக்க வைக்கிறது? - சேலம் வாசகி

பதில்: மத்ததெல்லாம் இருக்கட்டும்மா, மாவு கரைச்சுக்கிட்டு இருந்தப்பன்னு போற போக்குல எழுதியிருக்கீங்களே, அங்கதான் எனக்குக் கோவம் வந்துச்சு. அவ பேசுறதே கையாலதான், அந்த ரெண்டு கையும் மணிக்கட்டு வரைக்கும் மாவுல கிடக்கறப்ப கேட்டா அவ எதால பதில் சொல்லுவா? வாயப் பொத்திட்டு கேள்வி கேட்ட கதைதான்.

தலையாட்டுனாளாம். உதட்டப் பாத்தே புரிஞ்சுக்கறவங்க பாதி புரியலைன்னாலும் தலையாட்டுவாங்க, மறுபடி கேட்டா நாம சலிச்சுக்குவோம்னு. நீங்க போன்ல ம் ம்னு கேட்டுக்கறீங்களே, அதெல்லாம் சம்மதமா? இந்திய சைகை மொழியில 'இல்ல', 'வேணாம்'ங்கறது நம்ம தமிழ் மாதிரியே கடைசியிலதான் வரும், அதுவரைக்கும் நின்னு பாத்தாதான் போறேன்றாளா போகலைன்றாளான்னு தெரியும், நீங்க பாதியிலயே எந்திரிச்சுப் போய் சம்பந்தி வீட்டுக்கு போன் போட்டுட்டீங்க. தலையாட்டல நம்பவே முடியாதும்மா, கிரீஸ்ல தலைய மேல தூக்குனா இல்லைன்னு அர்த்தம், அங்க சைகை மொழி பேசறவங்களும் மறுக்கறதுக்கு அதையேதான் செய்வாங்க, பல்கேரியாவுல ஆமாங்கறதுக்கே பக்கவாட்டுல ஆட்டுறாங்க. நம்ம ஊரு ஆட்டலப் பத்தி கேக்கவே வேணாம்.

மூஞ்சியச் சுளிக்கிறான்னு திட்டாதீங்க, அவ மொழியில முகமும் பேச்சுதான். அத 24 வருஷமா வீட்ல ஒருத்தரும் கத்துக்கலைங்கறீங்க பாருங்க, அதச் சொல்ல கூச்சமா இல்லையா? டெல்லியில இருக்கற இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மையம் 2021லயே 10,000 சொல்லுக்கு அகராதி போட்டாச்சு, வீடியோவாவே இருக்கு, சீரியல் பாக்கற நேரத்துல தினம் அஞ்சு சொல்லு பாத்திருக்கலாம்.

பெரியவங்க பாத்து முடிக்கிற கல்யாணத்துக்கு நான் எதிரி இல்ல, என் பொண்ணுக்கும் அப்படித்தான் முடிச்சேன். ஆனா பெத்தவங்க கடமை கேக்கறதுல ஆரம்பிக்குது. அவ படிச்ச ஸ்கூல்ல சைகை தெரிஞ்ச டீச்சர் யாராவது இருந்தா வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க, சொந்தக்காரங்க யாரும் நடுவுல வேணாம். சரியா வேணாமான்னு கேக்காதீங்க, அதுக்கு மறுபடி தலைதான் ஆடும். அந்தப் பையன்கிட்ட என்ன பிடிக்கல, உனக்கு எப்படி வேணும்னு கேளுங்க, அவ முடிச்சு கைய மடியில வைக்கிற வரைக்கும் எந்திரிக்காதீங்க.

அட்வான்ஸ் போகுதுன்னா போகட்டும்.