பாட்டாவின் வாழ்வை எழுதுவது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: குமரி மாவட்டம் விளவங்கோடு வட்டத்தில், களியக்காவிளைக்குப் பக்கத்துச் சிற்றூர் எங்களுடையது. எங்கள் பாட்டா (தாத்தா) பனையேறி. பின்னாளில் மாத்தூர் தொட்டிப் பாலம் கட்டும்போது அங்கே கல் சுமந்தவர். ஊர்க்குளத்தைத் தூர் வார ஆண்டுதோறும் ஆள் திரட்டியவரும், வாசகசாலைக்கு இடம் பேசி வாங்கிக் கொடுத்தவரும் அவரே. அவருடைய நூற்றாண்டையொட்டிச் சிறு நூல் ஒன்று கொண்டுவர விரும்புகிறோம். உறவினர்களைக் கேட்டால், "நல்ல மனுஷன், கடும் உழைப்பாளி" என்பதற்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை. கையில் இருப்பது ஒரு தகரப் பெட்டி நிறைய மலையாளப் பத்திரங்கள் மட்டுமே. பிறந்த ஆண்டிலும் குழப்பம். ரேஷன் அட்டைப்படி 1932. "தொண்ணூற்றொன்பது வெள்ளம் வடிந்து மூணாம் வருஷம் பெத்தேன்" என்று அவருடைய தாயார் சொல்வாராம். எங்கிருந்து தொடங்குவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: பிறந்த ஆண்டிலிருந்தே தொடங்குங்கள், அந்தத் தாயாரின் சொல்தான் உங்களிடம் உள்ள சான்றுகளில் வலுவானது. அன்று உங்கள் ஊரும் சேர்ந்திருந்த திருவிதாங்கூரைப் புரட்டிப் போட்ட அந்தப் பெருவெள்ளம் மலையாளக் கணக்கான கொல்லம் ஆண்டு 1099 கர்க்கடகத்தில் (ஆடி), அதாவது 1924 ஜூலை, ஆகஸ்டில் வந்தது. மூன்றாம் வருஷம் என்பதை எப்படி எண்ணினாலும் பிறப்பு 1926-லோ 1927-லோதான் அமையும். பிறப்புப் பதிவு இல்லாதவர்களின் வயதைக் குத்துமதிப்பாக எழுதிய அட்டையை நம்பி, அவருடைய வாழ்நாளில் ஐந்தாறு ஆண்டுகளைக் குறைத்துவிடாதீர்கள். இரண்டையும் நூலில் குறித்து, எதை ஏன் ஏற்றீர்கள் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

பெட்டியிலுள்ள பத்திரங்களுக்கும் இதே கணக்குத்தான். சிங்க (ஆவணி) மாதம் முதல் தனு (மார்கழி) மாதத்தின் நடுப்பகுதி வரையுள்ள தேதிகளுக்கு 824-ஐயும், அதற்குப் பின் கர்க்கடகம் முடியும் வரை 825-ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைத்துவிடும். "1118 மேடம்" என்றிருந்தால் அது 1943 ஏப்ரல், மே. விலை சக்கரம் என்ற பழைய காசில் குறிக்கப்பட்டிருந்தால், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். மலையாள எழுத்து அறிந்த முதியவர் ஒருவரைப் பக்கத்தில் அமர்த்தி, வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். நான்கெல்லை சொல்லும் இடத்தில் அக்கம்பக்கத்துப் புரையிடக்காரர்களின் (வீட்டுமனைக்காரர்களின்) பெயர்கள் வரும். நீங்கள் தேடிச் செல்ல வேண்டிய குடும்பங்கள் அவைதாம். 1956 நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடும் கல்குளமும் அகஸ்தீஸ்வரமும் தோவாளையும் சென்னை மாநிலத்தோடு இணைந்தபின் எழுதப்பட்ட பத்திரங்கள் ஏதேனும் தொலைந்திருந்தால், சார்பதிவாளர் அலுவலகத்தில் நகலுக்கு மனுச் செய்யலாம்.

உறவினர்களிடம் நினைவு இல்லாமல் இல்லை. "பாட்டா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் யாரும் புகழ்ச்சியைத்தான் சொல்வார்கள், வேலையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், பேச்சு தானாக வரும். விடியுமுன் எந்தப் பனையில் முதலில் ஏறுவார், காலில் போடும் திளாப்பை எதில் முறுக்கினார், பனையில் சாய்த்து ஏறும் மிருக்குத்தடி யார் செய்து கொடுத்தது, பாளையை நெரிக்கும் கடிப்பை வீட்டில் எங்கே சொருகி வைப்பார், கலயத்துக்குள் பூசும் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது என்றெல்லாம் கேளுங்கள். சுண்ணாம்பு குறைந்தால் அக்கானி (பதநீர்) புளித்துப்போகும், கூடினால் கருப்பட்டி கெட்டுப்போகும் என்பதால், அந்தப் பூச்சில் ஒருவருடைய கைப்பழக்கம் முழுவதும் தெரியும். ஒரு பனையில் காலையும் மாலையுமாக ஏறி இறங்கியவர், அதையே தம் பங்குப் பனைகள் எல்லாவற்றிலும் மாதக்கணக்கில் செய்தார் என்று எழுதிவிட்டால், "கடும் உழைப்பாளி" என்ற சொல்லை நீங்கள் எழுதவே வேண்டியிருக்காது.

இன்னொன்றும் அழுத்திச் சொல்கிறேன். இறக்கிய அக்கானியை அன்றன்றே காய்ச்சியாக வேண்டும். சுள்ளி பொறுக்கி, அடுப்பின் முன் வெந்து, பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டி ஆக்கியவர் யார் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அது பெரும்பாலும் உங்கள் பாட்டியாகத்தான் இருக்கும். அவருக்கு நூலில் தனி அத்தியாயம் தாருங்கள். நன்றியுரையில் ஒரு வரியோடு முடித்துவிடாதீர்கள்.

மாத்தூர்த் தொட்டிப் பாலம் பறளியாற்றுக்கு மேலே, நூறடிக்கும் மிகுந்த உயரத்தில், 28 தூண்கள் தாங்க வாய்க்கால் நீரைக் கொண்டுசெல்வது. 1966-இல் கட்டி முடிக்கப்பட்டது. பாட்டாவுக்கு அப்போது வயது நாற்பதை ஒட்டியிருக்கும். பனை ஓய்ந்த மாதங்களில் அங்கே போனாரா, பனைத்தொழிலையே விட்டுவிட்டுப் போனாரா என்பதை விசாரித்து எழுதுங்கள். அவர் வாழ்க்கையின் பெரிய திருப்பம் அங்கேதான் இருக்கிறதென்று எனக்குப் படுகிறது.

குளம் தூர் வாரியதை எழுதும்போது அவரை மட்டும் கரையில் நிறுத்தாதீர்கள். எந்த வீட்டிலிருந்து யார் மண்வெட்டியோடு வந்தார்கள், மண் சுமந்த கடவம் (ஓலைப்பெட்டி) யாருடையது, மதியக் கஞ்சிக்கு மரச்சீனிக் கிழங்கு அவித்தவர்கள் யார், அள்ளிய வண்டல் எந்தத் தென்னை மூட்டுக்குப் போனது, வர மறுத்தவர்களை அவர் எப்படி அழைத்து வந்தார் என்பவை அதில் வேண்டும். ஊரில் எல்லாத் தெருவினரும் அந்தக் குளத்தில் இறங்க முடிந்ததா என்பதையும் கேட்டே ஆகவேண்டும். ஒடுக்கப்பட்ட சாதியினருக்குக் கோயில்களைத் திறந்துவிட்ட ஆலயப் பிரவேச விளம்பரமே திருவிதாங்கூரில் 1936-இல்தான் வந்தது. பாட்டா அப்போது பத்து வயதுச் சிறுவர். அவர் கண்ட விலக்குகளும், பின்னாளில் அவர் யாரை அழைத்தார், யாரை அழைக்கத் தயங்கினார் என்பதும் சேர்ந்ததுதான் அவருடைய ஊர்ப்பணி. வழக்கும் வாக்குவாதமும் இருந்திருந்தால் அவற்றையும் எழுதுங்கள்; எதிர்த்தரப்பாரின் பிள்ளைகள் சொல்வதையும் கேட்டு எழுதினால் நூலுக்கு மதிப்புக் கூடும்.

வாசகசாலை 1956-க்கு முற்பட்டதா என்று பாருங்கள். 1945-இல் பி. என். பணிக்கர் அம்பலப்புழையில் கிரந்தசாலைச் சங்கத்தைத் தொடங்கியபின் திருவிதாங்கூர் எங்கும் ஊர் நூலகங்கள் பெருகின. பழைய புத்தக வழங்கல் ஏடு ஒன்று பரணில் கிடந்தால், பாட்டா என்ன படித்தார், யாருக்காக எடுத்துச் சென்றார் என்பதுகூடத் தெரியவரலாம்.

கேள்வி: நாங்கள் எல்லை தாண்டிக் கேரளத்துப் பாறசாலையில் குடியேறியவர்கள். எங்கள் தாத்தாவைப் பற்றி எழுதி முடித்துவிட்டோம். ஆனால் பேரப்பிள்ளைகளுக்கு மலையாளம் மட்டுமே படிக்கத் தெரியும். எந்த மொழியில் அச்சிடுவது?
– ஒரு வாசகி, பாறசாலை

பதில்: இரண்டிலும் அச்சிடுங்கள், அம்மா. தாத்தா பேசிய வாக்கியங்களை மட்டும் மலையாளப் பதிப்பிலும் தமிழாகவே, மலையாள எழுத்தில் வையுங்கள். பிள்ளைகள் உரக்கப் படித்தால் அவர் பேச்சு அவர்களுக்குக் கேட்கும். பொருள் தெரியாத இடங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் நீங்கள் இருக்கிறீர்கள். பிரதிகளில் ஒன்றிரண்டை எல்லைக்கு இப்புறமுள்ள தாத்தாவின் பிறந்த ஊர் நூலகத்துக்கும் அனுப்பிவையுங்கள்.