மேக்கிலிருந்து விண்டோஸுக்கு ஒட்டியதும் பிறந்த தேதி 4 வருஷம் பின்னால் போகிறதா?

வணக்கம் டீச்சர். பழைய மேக்கில் இருந்த மாணவர் பட்டியலை விண்டோஸ் எக்செலில் ஒட்டினதும் 15-06-2012 என்ற பிறந்த தேதி 14-06-2008 ஆகிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். பதற வேண்டாம், நீங்கள் தப்பாகத் தட்டவில்லை.

எக்செல் தேதியை வெறும் நாள் எண்ணிக்கையாகத்தான் வைத்திருக்கிறது. விண்டோஸில் அந்த எண்ணிக்கை 1900 ஜனவரியிலிருந்து தொடங்கும், பழைய மேக் கோப்புகளில் 1904 ஜனவரி 1லிருந்து. இரண்டுக்கும் வித்தியாசம் சரியாக 1462 நாள். ஒட்டும்போது பல நேரம் எண் மட்டும்தான் வருகிறது, அது எங்கிருந்து எண்ணியது என்பது வருவதில்லை. அப்போது எச்சரிக்கைகூட காட்டாமல் போவதுதான் எனக்குப் பெரிய வருத்தம். பிள்ளைகளின் பிறந்த தேதி விளையாட்டு விஷயமா?

முதலில் கோப்புக்கு ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். காலியான ஒரு கட்டத்தில் 1462 என்று அடித்து அதை காப்பி செய்யுங்கள். தப்பான தேதிகளை மட்டும் தேர்ந்தெடுத்து, பேஸ்ட் ஸ்பெஷலில் 'வேல்யூஸ்', 'ஆட்' இரண்டையும் குறித்து ஓகே கொடுங்கள். 'வேல்யூஸ்' விட்டுப்போனால் தேதிகள் 41075 மாதிரி வெறும் எண்ணாகத் தெரியும். பயப்படாமல் ஃபார்மேட்டைத் தேதிக்கு மாற்றினால் போதும்.

ஆப்ஷன்ஸில் '1904 டேட் சிஸ்டம்' என்று ஒரு டிக் இருக்கிறது. அதை மட்டும் தொடாதீர்கள். ஏற்கெனவே சரியாக இருக்கிற தேதிகளும் சேர்ந்து நகர்ந்துவிடும்.

முடித்ததும் நாலைந்து பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழோடு ஒத்துப் பார்த்துவிட்டு இங்கே சொல்லுங்கள்.