பிணம் சுட்ட நெருப்பும் பதினாறில் ஒன்று

வணக்கம் ஐயா. நமக்குத் தேவர்கள் நல்லவர்கள். பார்சிகளின் வேதநூலான அவெஸ்தாவில் ‘தைவ’ என்றால் தீயவர்கள். நம் அசுரன் அங்கே அகுரா என்ற கடவுள். இரு கூட்டமும் ஒருகாலத்தில் சண்டையிட்டுப் பிரிந்தவைதானா? நெருப்பைக் கும்பிடும் அந்த மதம் நம் யாகத்திலிருந்து போனதுதான் என்கிறான் என் நண்பன்.
எஸ்.

அன்புள்ள எஸ்,

கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் போர்க்கதையை விட்டுவிடுங்கள். ரிக்வேதத்தின் பழைய பாடல்களில் வருணனையே அசுரன் என்று பெருமையாக அழைக்கிறார்கள். சமஸ்கிருதத்துக்கும் அவெஸ்தாவின் மொழிக்கும் இடையே சப்த–ஹப்த (ஏழு), சோம–ஹஓம, யக்ஞ–யஸ்ன என்று சொற்கள் ஜோடியாக நிற்பதைப் பாருங்கள். அக்காள் தங்கை உறவு இது. எது தாய் என்று அடித்துக்கொள்ள இதில் ஒன்றுமில்லை. உங்கள் நண்பருக்கு இவ்வளவு போதும்.

என்னை உறுத்தியது ‘நெருப்பைக் கும்பிடும்’ என்ற சொல். பாரசீகத்தில் அவர்களை இழிவுபடுத்தப் பயன்பட்ட வசைச்சொல் அது. யோசிக்காமல் நீங்களும் எடுத்து வீசுகிறீர்கள். அவெஸ்தா நெருப்பை அகுரா மஸ்தாவின் மகன் என்கிறது, வணக்கமே இல்லை என்று நான் வாதிடவில்லை. ஆனால் அந்த நெருப்பை எப்படி உண்டாக்குகிறார்கள் என்று ஒருமுறையாவது பார்த்திருக்கிறீர்களா?

ஆதஷ் பெஹ்ராம் என்ற முதல்தர நெருப்புக்குப் பதினாறு தீ வேண்டும். குயவர் சூளை, செங்கல் சூளை, கொல்லர் உலை, பொற்கொல்லர் உமித்தீ, சாயப்பட்டறை, நாணயச்சாலை, ரொட்டி அடுப்பு, சாராயம் வடிக்கும் அடுப்பு, ஆட்டிடையர் மூட்டிய தீ, மின்னல் விழுந்து பற்றிய தீ என்று அந்தப் பட்டியல் போகிறது. அதில் பிணம் எரித்த தீயும் உண்டு! பிணத்தை எரிப்பது அவர்களுக்குப் பெரும்பாவம், நெருப்பைத் தீட்டாக்கும் செயல். அந்தத் தீயைத்தான் தேடி எடுத்து வருகிறார்கள். அப்படிக் கொண்டுவந்து சேர்ப்பது புண்ணியம் என்கிறது அவெஸ்தாவின் தூய்மைச் சட்டநூலான வெந்திதாத்தின் 8ஆம் அதிகாரம்.

துளையிட்ட தட்டைக் கரண்டியில் சந்தனச் சிராயும் தூளும் வைத்து எரியும் தீக்கு மேலே பிடிக்க வேண்டும். கரண்டி தீயைத் தொடக்கூடாது, கீழிருந்து வரும் அனலிலேயே சந்தனம் பற்ற வேண்டும். தொட்டால் கொள்ளித் துணுக்கோ சாம்பலோ ஒட்டி வந்துவிடும், அதோடு தீட்டும் வரும். தூக்கிப் பிடித்தால் அனல் போதாது. ஈரச் சந்தனம் புகையுமே தவிரப் பற்றாது. பற்றிய தீக்கு மேல் மறுபடி ஒரு கரண்டி. பிணத்தீக்கு மட்டும் இப்படி 91 முறை. பதினாறுக்கும் சேர்த்து 1,128 முறை. கடைசியில் மிஞ்சுவதில் முதல் தீயின் விறகு, சாம்பல் எதுவும் கிடையாது, சூடு மட்டும்தான் கைமாறி வந்திருக்கிறது. யாகத்தில் நெருப்பு நாம் கொடுப்பதைத் தேவர்களிடம் கொண்டுசேர்க்கிறது. இங்கே நெருப்பையே ஒவ்வொரு படியாகக் கழுவி எடுக்கிறார்கள். நண்பரிடம் இதைச் சொல்லுங்கள்.

இந்த வேலையின் பளுவால்தான் இந்தியாவில் இந்த நெருப்புள்ள ஆதஷ் பெஹ்ராம் கோயில்கள் மொத்தம் எட்டே: மும்பையில் நான்கு, சூரத்தில் இரண்டு, நவ்சாரியிலும் உத்வாடாவிலும் ஒவ்வொன்று. ஈரானில் யஸ்தில் ஒன்று. இந்தப் பட்டியலில் சேராத, சென்னை ராயபுரத்தில் 1910இல் எழுந்த பார்சிக் கோயிலையாவது பார்க்கலாமே என்று கிளம்பிவிடாதீர்கள், பார்சி அல்லாதவர்களை உள்ளே விடமாட்டார்கள்.

மூட்டிய பிறகும் சும்மா இருக்க முடியாது. ஒருநாளின் ஐந்து பொழுதிலும் பூசாரி சந்தனக்கட்டை அடுக்கி ‘போய்’ சடங்கு செய்கிறார். எச்சிலும் மூச்சும் படாமலிருக்க வாயையும் மூக்கையும் மூடி ‘பதான்’ என்ற வெள்ளைத்துணி கட்டியிருப்பார். தீய எண்ணம், தீய சொல், தீய செயல் என்று சொல்லி விலக்கும் இடத்தில் மணி அடிப்பார்.

உங்கள் தைவக் கேள்விக்கும் அந்த மணிக்கும் தொடர்பு உண்டு. இந்த மதத்தை நிறுவிய ஜரதுஷ்டிரரின் பாடல்கள் என்று கொள்ளப்படும் காதாக்கள் 17தான். அவற்றில் யஸ்ன 30ஐ, அதாவது அவெஸ்தாவின் யஸ்ன என்ற வழிபாட்டுப் பகுதியின் 30ஆம் அதிகாரத்தை, முதலில் படியுங்கள். எண்ணம், சொல், செயலில் ஒன்று நல்லதும் ஒன்று கெட்டதுமாக இரட்டை ஆவிகள் அதில் வருகின்றன. இரண்டில் எதைத் தேர்வது என்பதில் தைவர்கள் தவறினார்கள் என்கிறது ஆறாம் செய்யுள். தோற்ற எதிரிகள் என்று அங்கே ஒரு சொல் கிடையாது.