ஜானா கற்றுத்தருபவரை எப்படி நம்புவது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

விபாசனா தியானப் பத்து நாள் முகாமுக்குப் போய்வந்த பிறகு பாலி மொழியிலுள்ள சுத்தங்களை, அதாவது புத்தரின் உரைகளை, வாசிக்கிறேன். மனம் ஒன்றில் ஆழ்ந்து ஒன்றிப்போகும் தியான நிலைகளான நான்கு ஜானாக்களைப் புத்தர் திரும்பத் திரும்பச் சொல்கிறார். முகாமில் அதைக் கற்றுத்தரவில்லை. தேடினால், வார இறுதிக்குள் முதல் ஜானா என்று கட்டண வகுப்பு விளம்பரங்கள்தான் கண்ணில் படுகின்றன. உண்மையிலேயே ஜானா அடைந்த ஆசிரியர் யார் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

இதே கேள்வியை பாலி நூல்களைப் பின்பற்றும் தேரவாத பௌத்தத்தின் துறவியான ஒரு பிக்குவிடம் கேட்டால் பதில் வராது. அடையாததை அடைந்ததாகத் தெரிந்தே பொய் சொன்னால் அவர் பிக்குவாகவே இருக்க முடியாது. துறவிலிருந்தே நீக்கும் குற்றங்களான பாராஜிகங்களில் நான்காவது அது. மெய்யாகவே அடைந்திருந்தாலும் இல்லறத்தாரிடம் சொல்வது பாசித்தியம் என்ற, ஒப்புக்கொண்டு கழிக்க வேண்டிய சிறு குற்றம். புத்தர் காலத்து வஜ்ஜி நாட்டுப் பஞ்சத்தில் சில பிக்குகள் பிச்சைக்காக ஒருவரையொருவர் ‘இவர் ஜானா கைவந்தவர்’ என்று ஊராரிடம் புகழ்ந்துகொண்டார்கள். மழைக்காலம் முடிந்து எல்லோரும் புத்தரைப் பார்க்க வந்தபோது மற்றவர்கள் எலும்பும் தோலுமாக நிற்க, இவர்கள் மட்டும் கொழுத்திருந்தார்கள் என்கிறது துறவிகளின் ஒழுக்க நூலான விநயம். விதி அங்கிருந்து பிறந்தது. ஆகவே, அடைந்தேன் என்று கூவி அழைக்கும் துறவியை விட்டுவிடுங்கள்.

இல்லற ஆசிரியர்களை இந்த விதி கட்டாது. அய்யா கேமா என்ற பிக்குணியின் மாணவரான லீ பிராசிங்டன் ஜானா பற்றி வெளிப்படையாகவே பேசுகிறார். அவர் கற்பிப்பது உடலில் எழும் இனிமையில் கவனத்தை ஊன்றி எட்டும் நிலை. மியான்மரின் பா ஆக் தியான மரபோ விசுத்திமக்கம் என்ற பழைய தியான நூலைப் பின்பற்றுவது. மூச்சைக் கவனிக்கையில் நிமித்தம் என்ற மன அடையாளம் ஒளியாகத் தோன்றி, நிலைத்து, மனம் அதில் முழுக்க அமிழ வேண்டும். இரண்டும் முதல் ஜானா என்றே அழைக்கப்படுகின்றன, ஆழம் வேறு. எனவே ஆசிரியரிடம், “உங்கள் முதல் ஜானாவில் வெளிச்சத்தம் காதில் விழுமா?” என்று கேளுங்கள். சத்தம் முதல் ஜானாவுக்கு முள், அதாவது இடைஞ்சல், என்கிறது அங்குத்தர நிகாயம் என்ற சுத்தத் தொகுப்பு. அதை அவர் எப்படி விளக்குகிறார் என்று பாருங்கள். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

ஒருவரின் சீலம், அதாவது ஒழுக்கம், கூடவே வாழ்ந்துதான் தெரியும், அதுவும் நெடுநாள் என்று அதே நிகாயத்தில் புத்தர் சொல்கிறார். வீமம்சக சுத்தம் என்ற உரையில், புத்தராகிய தன்னையே சோதித்துப் பார்க்கும்படி சீடர்களிடம் சொல்கிறார். அப்புறம் நமக்கென்ன தயக்கம்? சில வாரங்கள் தங்கிப் பாருங்கள். நேர்காணலில் மூச்சு எப்படி இருக்கிறது, தூங்கினீர்களா என்று கேட்கிறாரா, அல்லது நீங்கள் வாய் திறப்பதற்குள் ‘அது இரண்டாம் ஜானா’ என்று சான்றிதழ் தருகிறாரா? அவசரமாகச் சான்று தருபவரிடமும், மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்பவரிடமும் ஒரு நாள்கூட இருக்காதீர்கள்.

உங்களுக்குப் பக்கம் இலங்கை. குருணாகல் மாவட்டத்தில் மெல்சிரிபுர அருகே நா உயன ஆரண்யம் என்ற வனத் துறவி மடம் இருக்கிறது. பா ஆக் முறைதான், தானத்தில் நடப்பது. முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். விபாசனா பயிற்சி செய்ததையும், மருந்து ஏதாவது எடுத்துக்கொண்டால் அதையும் மறைக்காமல் அந்தக் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள்.